ஐந்து கட்டை டிரான்ஸ்ஃபார்மர்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி, அந்தப் பக்கம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே அது காதில் விழுந்துகொண்டிருக்கிறது. காலையில் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே ஆரம்பித்து, சாயங்காலம் கேட்டைப் பூட்டும் வரை ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று முனகும்.

2012-ல் பகுதிநேர இசை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பள்ளியில் ஆர்மோனியம் கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது, பாட்டுக்கென்று ஓர் அறையும் கிடையாது. என் கையில் இருந்தது பட்டன் போன். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, எதை வைத்து சுருதி கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. அங்க ஒண்ணு சத்தம் போடுதே, என்ன சொல்லுது?”

“ம்ம்ம்ங்குது டீச்சர்.”

“அதே மாதிரி நீங்களும் சொல்லுங்க பார்ப்போம். வாயைத் திறக்காம.”

நாற்பத்தைந்து பேர் நாற்பத்தைந்து தினுசாக முனகினார்கள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒவ்வொருவராக அந்தச் சத்தத்தோடு போய் ஒட்டினார்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு தடவை உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் துடிப்பதால், டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் நொடிக்கு 100 அதிர்வாக வெளியே வருகிறது. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையைக் கீழ் ஸ்தாயியில் அழுத்தினால் 98 அதிர்வு. அதாவது எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே நின்று சட்ஜம் பிடிக்கிறது. பெண் பிள்ளைகளும், குரல் உடையாத பையன்களும் வசதியாகப் பாடக்கூடிய சுருதி அது. இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சுருதிக்கு வழி கிடைத்துவிட்டது.

சத்தம் மிகுந்த ஊரில் சங்கீதம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மணலி முதல் திருத்தணி வரை

திருவொற்றியூரில் ஏறி, கும்மிடிப்பூண்டி லோக்கலில்தான் போய் வருகிறேன். எண்ணூர் தாண்டியதும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் நகர நகர, வயலும் செங்கல் சூளையும் கம்பெனி காம்பவுண்டுகளும் மாறி மாறி வரும். ஷிஃப்டு முடிந்து தூங்கி வழிகிறவர்களும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் எதிரெதிர் சீட்டில் இருப்பார்கள். இந்தத் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு யாரும் சங்கீதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அது தாங்காது.

நான் ஏறுகிற திருவொற்றியூர், தியாகராஜ சுவாமிகளின் சீடரான வீணை குப்பையரின் ஊர். சுவாமிகளே வந்து பாடிவிட்டுப் போன தலம். பக்கத்து மணலியை இன்றைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையுமாகத்தான் நமக்குத் தெரியும். அந்த மணலியின் முத்துகிருஷ்ண முதலியார்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை அழைத்து வந்து ஆதரித்தவர். ராமசுவாமியின் மகன் முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் வாசித்த வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ‘நோட்டுஸ்வரம்’ என்று நாம் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவை அவைதான்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில் திருத்தணி. அங்கே மலைப்படியில் முருகன் கிழவனாக வந்து தீட்சிதரின் வாயில் கற்கண்டு போட்டான், உடனே அவர் முதல் கிருதியைப் பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை. அந்தக் கிருதியின் ராகம் மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் காலம் தொட்டு, சங்கீதம் கற்க உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கும் ராகமும் அதேதான். ஆசிரியர் தினத்துக்குக் காரணமான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்ததும் திருத்தணிப் பக்கம். ஆரம்பப் பாடத்துக்கும் ஆசிரியர் தினத்துக்கும் சொந்தம் கொண்டாடக்கூடிய ஒரு மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புக்கு முதல் சரளி வரிசை எழுதிப்போடும்போது இந்தக் கற்கண்டுக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. “எங்களுக்குக் கற்கண்டு டீச்சர்?” என்று கேட்பார்கள் என்பதால் நூறு கிராம் பொட்டலம் பையில் இருக்கும்.

ஒரே வகுப்பில் எத்தனை ஊர்! ஆரம்பாக்கம், எளாவூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மில்லில் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1990-லிருந்து இங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமின் மூன்றாம் தலைமுறை இருக்கிறது. இருளர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள், முன்வரிசையில் உட்காரச் சொன்னால் எழுந்து பின்வரிசைக்கே போய்விடுவார்கள். ஒரு வருஷம் ஒடிசாப் பையன் ஒருவன் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். கரும்பலகையில் நான் எழுதிய ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழும்தான் அவன் படித்த முதல் தமிழ் எழுத்துகள். பாடிப் பாடியே படித்தான். தமிழாசிரியர் அவனுக்கு ‘பசி’ என்ற சொல்லை எழுதிக் காட்டியபோது, ‘ப’வைப் பஞ்சமத்தில் பாடிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போனானாம்.

முதல் மாதம் பாட்டே கிடையாது

பாட்டு டீச்சர் என்றதும் பிள்ளைகள் எதிர்பார்ப்பது சினிமாப் பாட்டு. தலைமையாசிரியர் எதிர்பார்ப்பது ஆண்டுவிழாப் பாட்டு. நான் முதல் மாதம் இரண்டையும் கொடுப்பதில்லை. முனகுவதும் மூச்சு விடுவதும் தட்டுவதும்தான்.

ஆதி தாளம் போடச் சொல்லிக்கொடுப்பது ஒரு தனி சந்தோஷம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை. கேட்க எளிது. நாற்பத்தைந்து பேரும் சேர்ந்து போடும்போதுதான் யார் ஓடுகிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்று தெரியும். முதல் வாரம் மழை பெய்கிற மாதிரி சத்தம் சிதறும். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் திடீரென்று நாற்பத்தைந்து கையும் ஒரே கையாக விழும். அந்தத் தட்டைக் கேட்டு அவர்களே திகைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் நான் லோக்கலில் நின்றுகொண்டு போகிறேன்.

பிறகு சரளி வரிசை. மாயாமாளவகௌளையை ஏன் முதலில் வைத்தார்கள் என்பது சொல்லிக்கொடுக்கும்போதுதான் புரிந்தது. ச, ரி, க, ம என்று ஏறும்போது எந்த இடைவெளியில் கால் வைக்கிறோமோ, அதே இடைவெளிகள் ப, த, நி, மேல் ச என்று ஏறும்போதும் வருகின்றன. ஒரே மாதிரி இரண்டு படிக்கட்டு. ஒன்றில் ஏறத் தெரிந்தால் அடுத்ததிலும் ஏறிவிடலாம். பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்து, ச-வுக்கும் ரி-க்கும் நடுவே தோளோடு தோள், ரி-க்கும் க-வுக்கும் நடுவே இரண்டு ஆள் இடம், க-வுக்கும் ம-வுக்கும் மறுபடி தோளோடு தோள் என்று நிறுத்திக் காட்டுவேன். ஸ்வரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் தொண்டை அதைத் தேடிக்கொண்டு போகும்.

சுருதி சேராத பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்பது இந்த வேலையின் நுணுக்கங்களில் ஒன்று. கடைசி வரிசையில் வைத்தால் அந்தப் பிள்ளைக்குத் தன் குரல் மட்டும்தான் கேட்கும். உறுதியாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவே வைக்க வேண்டும். இரண்டு காதிலும் சரியான ஸ்வரம் விழுந்துகொண்டே இருந்தால், பத்து நாளோ இருபது நாளோ, அந்தக் குரல் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்கு ஆரம்பத்தில் தெரியவில்லை. தெரியாததால் ஒரு பையனுக்கு நான் செய்தது இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம். ஆண்டுவிழாவுக்குக் குழுப்பாடல் தயாராகிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பான். பாட அவ்வளவு ஆசை. அவனுக்கோ தொண்டை உடைந்துகொண்டிருந்த நேரம். ஓர் அடி பாடுவதற்குள் குரல் மேலே கிறீச்சிடும், அடுத்த நொடி கிணற்றுக்குள் விழும். விழா நாளுக்கு முந்தைய ஒத்திகையில் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னேன்: “நீ வாயை மட்டும் அசைடா. சத்தம் வேணாம்.”

தலையாட்டினான். மேடையில் எல்லோரையும்விட அழகாக வாயசைத்தான். பாட்டு நன்றாக வந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வாரம் வகுப்பில் பார்த்தேன்; சரளி வரிசைக்கும் அவன் வாயை மட்டும்தான் அசைத்தான். நான் ஒருநாளுக்குச் சொன்னதை அவன் எல்லா நாளுக்குமாக எடுத்துக்கொண்டுவிட்டான். பத்தாம் வகுப்பு முடித்துப் போகிற வரை அவன் குரலை நான் மறுபடி கேட்கவில்லை.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக்குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், அவ்வளவு தூரம் இறங்காததால் நாம் கவனிப்பதில்லை. இந்தக் காலத்தில் பாடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. கத்தத்தான் கூடாது. வசதியான நான்கைந்து ஸ்வரத்துக்குள், மெதுவாக, கீழ் ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தால் புதுக்குரல் பழகிவிடும். உயர்நிலைப்பள்ளி என்பதே இந்த வயதுப் பிள்ளைகளின் இடம். ஆறாம் வகுப்பில் கீச்சுக்குரலோடு வருபவன் பத்தாம் வகுப்பில் அப்பா குரலோடு போகிறான். நடுவில் இருக்கும் அந்த இரண்டு வருஷம் அவனோடு நிற்கத்தான் பாட்டு டீச்சர். இப்போது அப்படிக் குரல் உடையும் பையன்களைத் தனி வரிசையாக்கி, கீழ்ச் சட்ஜத்தைப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுவேன். அவர்கள் அதற்கு ‘டிரான்ஸ்ஃபார்மர் டீம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த டீமில் சேர ஏழாம் வகுப்புப் பையன்கள் குரல் உடைவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

மூன்று அரைநாள்

இந்த வேலை எப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்ல வேண்டும்.

2009-ம் ஆண்டு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்றது. அதன்படி தமிழ்நாட்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ், ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 2012-ல் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். அது 2014-ல் 7,000 ஆனது, 2017-ல் 7,700, 2021-ல் 10,000, 2024-ல் 12,500. மே மாதம் பள்ளி கிடையாது என்பதால் சம்பளமும் கிடையாது என்பது எங்கள் நீண்டநாள் மனக்குறையாக இருந்து வந்திருக்கிறது. பணி நிரந்தரம் என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் 181-ம் எண் வாக்குறுதியாக அச்சாகி வந்தது. அந்த எண்ணை எங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் போராட்டத்தில் உட்கார்ந்த நாட்களில், களைத்துப்போன நேரங்களில், இசை ஆசிரியர்கள்தான் பாடி உட்கார்ந்திருப்போரை நிமிர்த்துவோம்.

முழுநேர வேலைக்கு வழியே இல்லை என்றில்லை. 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. அதில் இசைக்கு 86. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து எண்பத்தாறு! அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு கட்டம் முடித்து, டி.டி.சி. எனப்படும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, அல்லது இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கி, எத்தனையோ பேர் வருஷக்கணக்காகக் காத்திருக்கும் இடம் அது.

என்னுடைய அரைநாள்கள் செவ்வாய், வியாழன், வெள்ளி. மற்ற நேரத்தில் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். எனக்குத் தெரிந்த இசை ஆசிரியர்களில் ஒருவர் சேலை வியாபாரம் செய்கிறார், ஒருவர் கோயில் திருவிழாக்களில் பாடப் போகிறார். ஓவிய ஆசிரியர் ஒருவர் கம்பெனிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே பள்ளியில் இருந்தும், ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர் எல்லோர் பெயருக்கும் கீழே, தனிக்கோடு போட்டு இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கோடு தெரியாது. அவர்களுக்கு நான் பாட்டு டீச்சர், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடம். அதில் பாட்டு இல்லை. ஆகவே டிசம்பர் தாண்டியதும் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார். “டீச்சர், இன்னிக்கு உங்க பீரியடை எனக்குக் குடுத்துடுங்களேன், ரிவிஷன் முடியல.” அவரைக் குறை சொல்ல முடியாது, தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான் கொடுத்துவிடுவேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: முதல் ஐந்து நிமிஷம் எனக்கு. ஐந்து நிமிஷம் கண்ணை மூடி சுருதியில் நிற்பார்கள், பிறகு கணக்கு. சில மாதம் கழித்து கணக்கு டீச்சரே, “அந்த அஞ்சு நிமிஷத்தை விட்டுடாதீங்க, அதுக்கப்புறம் கிளாஸ் அமைதியா இருக்கு” என்றார்.

பள்ளி முழுவதும் சேர்ந்து பாடுகிற ஒரே நேரம் காலை பிரேயர். மனோன்மணீயம் சுந்தரனார் எழுதி, எம்.எஸ்.விசுவநாதன் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் அரசு மாநிலப் பாடலாக அறிவித்தபோது, மோகன ராகத்தில், திஸ்ர நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று ஆணையிலேயே எழுதினார்கள். ஒலிநாடாவைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த அரசாணையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ராகத்தின் பெயரும் நடையின் பெயரும் அரசாணையில்! அப்படியானால் ஒவ்வொரு பள்ளியிலும் மோகனம் என்றால் என்ன, திஸ்ரம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

பிரேயரில் நடப்பதைப் பாருங்கள். தைரியமான ஒரு பிள்ளை மைக்கைப் பிடித்து, தனக்கு வந்த சுருதியில் எடுத்துவிடும். பெரும்பாலும் உயரத்தில் எடுத்துவிடும். மேலே போகும் அடியில் பாதிப் பள்ளி வாயை மூடிக்கொள்ளும். குரல் உடைந்த பையன்கள் முணுமுணுப்பார்கள். பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, எடுப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் ஆரம்ப ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுக்க ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேரைப் பழக்கி வைத்திருக்கிறேன். முறை போட்டு வருவார்கள். நான் வராத திங்கள், புதன் கிழமைகளிலும் பாட்டு இப்போது இறங்குவதில்லை.

கலையரசிக்குப் பின்னால் இருப்பவர்கள்

2022-ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கினார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள். மாநில அளவில் ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். இது நல்ல காரியம். பறையும் தவிலும் பாட்டும் கையில் வைத்திருந்த பிள்ளைகள் மேடை ஏறினார்கள். பிள்ளையின் பாட்டைக் கேட்க முதல் தடவையாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன், மில் யூனிபார்மோடு.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். போட்டி நெருங்க நெருங்க என் நேரமெல்லாம் ஜெயிக்கக்கூடிய மூன்று பேரிடம் போய்விடுகிறது. அந்த மூன்று பேருக்கு ஏற்கெனவே பாட வரும். நான் இல்லாவிட்டாலும் பாடுவார்கள். நான் இல்லாவிட்டால் பாடவே போகாதவர்கள் மற்ற நாற்பத்திரண்டு பேர். பள்ளியில் பாட்டு என்று ஒரு பாடத்தை வைத்ததே அவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். கணக்கு வராத பிள்ளையிடம் “நீ கணக்கு போடாதே, பென்சிலை மட்டும் ஆட்டு” என்று எந்த டீச்சரும் சொல்வதில்லை. பாட்டில் மட்டும் அதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னவள்.

கூட்டமாகப் பாடுவதற்கு நம்மிடம் முன்னோடி இல்லாமல் இல்லை. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சினிமாவுக்கு வெளியே தன் உயிரைக் கொடுத்தது சேர்ந்திசைக்குத்தான். மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கினார். ஊர் ஊராகப் போய் பள்ளி ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பல மொழிப் பாடல்களைச் சேர்ந்து பாடப் பழக்கினார். 1988-ல் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில்தான் காலமானார். முறையான சங்கீதம் தெரியாத பெருங்கூட்டத்தையும் ஒரே சுருதியில் நிறுத்த முடியும் என்று அவர் செய்து காட்டியது எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய தைரியம்.

ஹங்கேரியில் சோல்தான் கோடாய் என்ற இசைமேதை, பிள்ளைகள் தினமும் பாடும் பள்ளி ஒன்று வேண்டும் என்று போராடினார். 1950-ல் அவர் பிறந்த கெச்கெமேட் நகரத்தில் அப்படி ஒரு பள்ளி தொடங்கியது. அவருடைய முறையில் ‘தோ’ என்ற முதல் ஸ்வரம் எந்த உயரத்திலும் நிற்கலாம், நம்முடைய சட்ஜத்தைப் போலவே. பியானோ வேண்டாம், பிள்ளையின் தொண்டை போதும் என்று ஆரம்பித்த முறை அது. வேப்பமரத்தடிக்கும் பொருந்தும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இலங்கையில் அழகியல் என்று ஒரு பாடம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் இவற்றில் ஒன்றை எல்லாப் பிள்ளையும் எடுத்தே ஆக வேண்டும். தமிழ்ப் பள்ளிகளில் கர்நாடக சங்கீதத்தைத் தமிழிலேயே படித்து, சாதாரண தரப் பரீட்சையில் அதில் மார்க்கும் வாங்கலாம். சங்கீதம் மேலே படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இராமநாதன் பெயரில் ஒரு கலைப் பீடம் இருக்கிறது. முகாமிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தியின் பாட்டி, பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்: “பிள்ளைக்குச் சங்கீதத்தில எத்தனை மார்க்ஸ், டீச்சர்?” அந்தக் கேள்வியை என் வேலைக்காலத்தில் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மார்க் பட்டியலில் அந்தக் கட்டமே இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நல்லாப் பாடறா அம்மா” என்று மட்டும் சொன்னேன்.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியடு, யாரும் கடன் கேட்காத பீரியடு. பள்ளிக்கு ஒரு முழுநேர இசை ஆசிரியர். மார்க் பட்டியலில் ஒரு கட்டம். மே மாதத்திலும் சோறு.

போன வருஷம் ஜூன் மாதம், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு வாலிபன் என் முன்னால் வந்து நின்றான். கம்பெனி யூனிபார்ம், இரும்பு முனை வைத்த ஷூ, கையில் ஹெல்மெட். நைட் ஷிஃப்டு முடித்த கண்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“டீச்சர், நான் எட்டாவதுல ஆண்டுவிழாவுல பாடுனேனே…”

பாடினேன் என்றுதான் சொன்னான். ஆழமான, நிதானமான, கீழே நின்று பேசும் குரல். ஒரு கட்டையில் வைத்துப் பாடினால் அவ்வளவு அழகாக இருந்திருக்கும். என்னால் உடனே பேச முடியவில்லை.

“எங்க அக்கா பொண்ணு ஆறாவது சேர்ந்திருக்கு டீச்சர், உங்க ஸ்கூல்லதான். நல்லாப் பாடும்னெல்லாம் சொல்ல மாட்டேன். கூட நிக்க வைங்க.”

சரிப்பா என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது லோக்கல் வந்துவிட்டது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆறாம் வகுப்பில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். கடைசி வரிசையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்து, உறுதியாகப் பாடுகிற இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்தேன். இப்போது என்னிடம் போனில் தம்பூரா ஆப் இருக்கிறது. இருந்தாலும் ஆறாம் வகுப்புக்கு முதல் சுருதி டிரான்ஸ்ஃபார்மரில்தான். கண்ணை மூடச் சொன்னேன். ஒரே சமயத்தில் எல்லோரும் மூச்சு எடுக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவள் எடுக்கும்போது நீ பிடித்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். மெல்ல மெல்ல முனகல் சேர்ந்தது. அந்தப் பெண்ணின் உதடு மூடியிருந்தது. தொண்டைக்குழி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனது. வகுப்பறைகளில் ஃபேன்கள் நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரும் நின்றது. வேப்பமரத்தடியில் சத்தம் நிற்கவில்லை. நாற்பது பேரும் கண்ணைத் திறக்காமல் அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் பக்கத்தில் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோனேன். கொஞ்சம் கீழே இருந்தாள். இடது பக்கத்துப் பெண் மூச்சு எடுக்க நிறுத்தியபோது, இவள் பிடித்துக்கொண்டாள்.